மலையகக் கருவள ஆய்வு: ஒரு நோக்கு

மலையகக் குடித்தொகை ஆய்வுகளுள் கிறிஸ்தோபர் லாங்போர்ட் 1982இல் வெளியிட்ட அறிக்கை தனித்து நோக்கத்தக்கது. 1975ஆம் ஆண்டின் கருவள அளவீட்டைத் துணைக்கொண்டு, தோட்டத் தொழிலாளரான தமிழரின் கருவளத்தை அது ஆராய்கின்றது. நாட்டுச் சராசரியுள் மறைந்துகிடந்த சமூகமொன்றைப் பிரித்து நோக்கியமை அதன் சிறப்பாகும்.

ஆயினும், அளவீடு வினாவியது அன்று இலங்கையில் இருந்த பெண்களை மட்டுமே. பட்டிப்பொல போன்ற மலையுச்சிப் பகுதிகளின் லயங்களை விட்டுத் தலைமன்னார் வழியே இராமேசுவரம் சென்ற தாயின் பிள்ளைப்பேறு எவ்வட்டவணையில் இடம்பெறும்?

குடிசன மதிப்பீடும் இதே எச்சரிக்கையைத் தருகின்றது. 1971இல் 1,174,606 ஆகவிருந்த இந்தியத் தமிழர் தொகை 1981இல் 818,656 ஆயிற்று. பிறப்புக் குறைந்தமையால் நேர்ந்த வீழ்ச்சியன்று இது. நாட்டை விட்டுச் சென்றோரும், தம்மை இலங்கைத் தமிழர் எனப் பதிந்துகொண்டோருமே இதற்குக் காரணராவர்.

கருவளத்தையும் குடிப்பெயர்வையும் வெவ்வேறு அத்தியாயங்களில் வைத்தல் பிற சமூகங்களுக்குப் பொருந்தலாம், மலையகத்துக்குப் பொருந்தாது. 1948இல் பிரசாவுரிமை இழந்த இம்மக்களுள் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்ட 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், அவர்தம் இயற்கைப் பெருக்கத்தையும் உடன்சேர்த்தே பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரும் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். பிறவாத பிள்ளைக்கும் நாடு குறிக்கப்பட்ட இடத்தில், பிறப்பை மட்டும் எண்ணும் ஆய்வு பாதி வரலாற்றையே கூறும்.