கீசருக்குள் ஒரு மெக்னீசியக் கம்பி

மும்பையில் வீட்டைச் சூடாக்க எந்த ஏற்பாடும் தேவையில்லை. ஜனவரிக் காலைகளில் சில மணி நேரக் குளிர், அவ்வளவுதான். ஆனாலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பல குளியலறைகளில் கீசர் தொங்குகிறது.

அதில் நான் மிகவும் ரசிப்பது வெளியே தெரியாத ஓர் உறுப்பை: தொட்டிக்குள் இருக்கும் மெக்னீசியக் கம்பி. இரும்புத் தொட்டியின் உள்பூச்சில் எங்கே விரிசல் விட்டாலும் அரிப்பு முதலில் இந்தக் கம்பியைத்தான் தின்னும். இரும்பைவிட மெக்னீசியம் எலக்ட்ரான்களை எளிதில் விட்டுக்கொடுக்கும் என்பதே காரணம். கம்பி கரையக் கரையத் தொட்டி பிழைக்கிறது. எவ்வளவு அழகான யோசனை! கப்பல்களின் செப்புத் தகடுகளைக் காக்க ஹம்ப்ரி டேவி 1824இல் முன்வைத்த வழியும் இதுவே. கம்பி முழுதும் கரைந்தபின் மாற்றாவிட்டால் அடுத்தது தொட்டிதான்.

மும்பைக்கு வரும் தான்சா, பாட்சா ஏரித் தண்ணீர் கீசருக்கு அதிகத் தொல்லை தராது. போர்வெல் தண்ணீர் கலக்கும் கட்டடங்களில், நீரைச் சூடாக்கும் காயில்மீது உப்பு படியும். படிவு தடித்தால் காயில் தன் சூட்டை நீருக்கு விட முடியாமல் எரிந்துபோகும்.

15 லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து 60க்கு ஏற்றச் சுமார் 0.6 யூனிட் மின்சாரம் போதும். நாள் முழுதும் சுவிட்சைப் போட்டே வைத்தால், கசியும் சூட்டை ஈடுகட்டவும் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். குளித்ததும் அணையுங்கள், தெர்மோஸ்டாட்டை 50க்கு இறக்குங்கள். ஆண்டுக்கு ஒருமுறை மெக்கானிக்கை அழைத்து, மெயினை அணைத்துவிட்டு, அந்தக் கம்பியைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.