வீதியில் கேட்ட மேளம்

இசை விமர்சனம் என்ற பெயரில் எம்மிடையே எழுதப்படுவன பெரும்பாலும் சபா மண்டபங்களைப் பற்றியனவே. பாடகர் எத்தனை கீர்த்தனை பாடினார், பக்கவாத்தியம் எவ்வாறு அமைந்தது, இராகத்தின் இலக்கணம் பேணப்பட்டதா என்று கணக்கெடுத்து எழுத எமக்கு ஆட்கள் உண்டு. ஆனால் யாழ்ப்பாணத்து மக்களிற் பலர் இசை என்ற ஒன்றை முதன்முதலாக அறிந்துகொண்ட இடம் மண்டபமன்று, கோயில் வீதி. அனுமதிச் சீட்டுமின்றி, நாற்காலியுமின்றி, மணலிற் குந்தியிருந்து விடியும்வரை அவர்கள் கேட்ட நாதஸ்வர தவிற் கச்சேரிகளைப் பற்றி எமது விமர்சகர்கள் எழுதியது மிகக் குறைவு. அக்குறையில் எமக்கும் பங்குண்டு. ஆகவே, எமது மனத்துக்கு உவந்த மேளக் கூட்டங்களையும் அவற்றை நேரிற் கேட்ட இரவுகளையும் இங்கு நினைவுகூர முற்படுகின்றோம். அவ்விரவுகளில் நாம் எதனைக் கேட்டோம் என்பதோடு, எதனைக் கேளாமல் விட்டோம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மேளம் என்று நாம் வழங்குவது ஒரு தனிவாத்தியத்தை அன்று, ஒரு கூட்டத்தை. இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், ஒத்து அல்லது சுருதிப் பெட்டி, ஒரு சோடி கைத்தாளம் ஆகியன சேர்ந்ததே ஒரு கூட்டம். நாதஸ்வரம் ஆச்சா மரத்திற் கடைந்த நீண்ட குழல். சீவாளியைப் பற்றும் உதடும், அடிவயிற்றிலிருந்து எழும் மூச்சும், ஏழு துளைகளை ஆளும் விரலுமே அதன் கமகங்களுக்கெல்லாம் ஆதாரம். தவிலோ பலாமரத்தைக் குடைந்து இருபுறமும் தோல் போர்த்தது. வலந்தலையை விரல்களில் மாட்டிய கூடுகளாலும், தொப்பியைப் பூவரசங் கம்பாலும் அடிப்பர். தோளில் வார் மாட்டி, அந்தப் பாரத்தைச் சுமந்து, சுவாமியின் முன் நடந்துகொண்டே மணிக்கணக்கில் வாசிப்பதென்றால் அது கலை மட்டுமன்று. கடும் உடலுழைப்பும் ஆகும். கலையையும் உழைப்பையும் வெவ்வேறு பெட்டிகளிலிட்டுப் பூட்டிவைக்கும் பழக்கமுடையோர் ஒரு தவிற் கலைஞனின் விரல்களை அருகிருந்து பார்த்திருப்பாரேயானால், அப்பழக்கத்தைக் கைவிட்டிருப்பர்.

இக்கலை யாழ்ப்பாணத்தில் எவ்வாறு செழித்தது என்பதை நோக்குமிடத்து ஒரு முரண்பாடு தென்படும். கொடியேற்றம் முதல் தீர்த்தம் வரை ஒவ்வொரு நாட் திருவிழாவும் ஒவ்வோர் உபயகாரருக்கு உரியது. நேற்றைய உபயகாரர் இரண்டு கூட்டம் மேளம் பிடித்தாரெனில், இன்றையவர் நான்கு கூட்டம் பிடிப்பார். தமிழகத்திலிருந்து வித்துவான்களை வரவழைப்பதும் உண்டு. காணி பூமி உடையவர்களின் இந்தக் கௌரவப் போட்டியில் பக்தி எவ்வளவு, படாடோபம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லல் அரிது. எனினும் இணுவில், அளவெட்டி, கொண்டாவில், சாவகச்சேரி முதலிய ஊர்களிலே தலைமுறை தலைமுறையாக இக்கலையைப் பயின்றுவந்த குடும்பங்களுக்கு அப்போட்டியே சோறு போட்டது. தமிழகத்துக் கலைஞரோடு தோளொட்டி நின்று வாசிக்கும் வாய்ப்பையும் கொடுத்தது. பழைய சமுதாய அமைப்பின் வீண் பெருமையிலிருந்து ஓர் உயர்ந்த கலை ஊட்டம் பெற்றது என்ற உண்மையை மறைப்பதிற் பயனில்லை. அவ்வூட்டத்திற்குக் கலைஞன் கொடுத்த விலை என்ன என்று கேட்பதே எமது கடமை.

அறுபதுகளின் இறுதியில் வந்த ஒரு பூங்காவனத் திருவிழா எமது நினைவில் நிற்கின்றது. வலிகாமத்தில் ஒரு கிராமக் கோயில். எமக்குப் பதின்மூன்று வயதிருக்கும். சுவாமி வாசலைத் தாண்டும்போது கம்பீரநாட்டையில் மல்லாரி எழுந்தது. மேற்கு வீதியில் சுவாமி இறக்கப்பட்டதும் பெற்றோல்மாக்ஸ் விளக்குகளைச் சுற்றிச் சனம் வளையமிட்டது. கச்சான் விற்ற ஆச்சிகூடக் கடகத்தை மூடிவைத்துவிட்டு முன்னுக்கு வந்தாள். அன்று வாசித்தவர்கள் அளவெட்டி என். கே. பத்மநாதனும் தவில் மேதை வி. தெட்சணாமூர்த்தியும்.

பத்மநாதன் தோடியை எடுத்தார். அவரது வாசிப்பிலே எம்மைக் கவர்ந்தது அதன் அவசரமின்மை. ஒரு சுரத்தில் நின்று, அதன் நிழலையெல்லாம் காட்டி முடித்த பின்னரே அடுத்ததை நோக்கி நகர்வார். நாதஸ்வரத்தின் இயல்பான உரத்த குரலை அடக்கி, அதிற் குழைவை வரவழைப்பது எளிதன்று. திறந்த வெளியில், ஆயிரம் பேர் நடுவே, அந்தக் குழைவு கடைசி வரிசைவரை சென்றது. ஆலாபனை முடிந்து பல்லவி தொடங்குமட்டும் தெட்சணாமூர்த்தி தவிலைத் தொட்டதே சிறிது. நாதஸ்வரம் மூச்சு வாங்கும் இடைவெளியிலே இரண்டு சொல், பின்னர் மௌனம். பெரிய கலைஞன் தான் வாசிக்கும் இடத்தை மட்டுமன்றி வாசிக்காது விடும் இடத்தையும் அறிந்திருப்பான் என்பதை நாம் பின்னாளிலே விளங்கிக்கொண்டோம்.

தனி ஆவர்த்தனம் வந்தது. இரு தவில்களும் மாறிமாறி ஒன்றையொன்று வினவின. நீண்ட முறைகள் குறைப்பில் பாதியாகி, காலாகி, ஈற்றில் ஒரு சொல்லுக்கு ஒரு சொல்லாகச் சுருங்கின. வேகம் எத்துணை ஏறியபோதும் தெட்சணாமூர்த்தியின் விரல்களிலிருந்து புறப்பட்ட சொற்கள் ஒன்றோடொன்று குழம்பவில்லை. மழைத்துளிகளை ஒவ்வொன்றாக எண்ணக்கூடுமாயின் அவ்வாறு எண்ணியிருக்கலாம். மோராவும் கோர்வையும் முடிந்து சமத்தில் விழுந்தபோது, தாளம் அறிந்தவரும் அறியாதவரும் ஒரே கணத்தில் ஆர்ப்பரித்தனர். கணக்கின் பெயர் தெரியாதவனுக்கும் கணக்கின் முடிவு தெரிந்தது. பாமரனுக்குச் சாஸ்திரிய இசை விளங்காது என்று வாதிடுவோர் அந்த வீதியில் ஓர் இரவு நின்றிருக்க வேண்டும்.

1933இல் இணுவிலில், தவிற் கலைஞர் விசுவலிங்கத்தின் மகனாகப் பிறந்த தெட்சணாமூர்த்தி, தமிழக வித்துவான்களும் வியக்கும் நிலையை எய்தி, 1975இல் நாற்பத்தொரு வயதிலே மறைந்தார். பத்மநாதன் 2003 வரை வாழ்ந்தார். சாவகச்சேரி கே. எம். பஞ்சாபிகேசனின் நாதஸ்வரமும், கானமூர்த்தி பஞ்சமூர்த்தி சகோதரர்களின் இணைவாசிப்பும் எமது தலைமுறையின் செவிகளைப் பண்படுத்தியவை. இவர்களைக் கேட்டவர்கள் ஒன்றுகூடினால் இன்றும் பேச்சு ஓயாது. யார் யாருக்கு எந்த வீதியில் எந்தக் கணக்கை வைத்தார் என்ற பேச்சு அது. அப்பேச்சில் எமக்கு விருப்பமும் உண்டு, சலிப்பும் உண்டு. இரு கூட்டங்கள் எதிரெதிரே நின்றால் சேவற் போர் பார்ப்பது போல நாம் பார்த்தோம். யார் வென்றார் என்று தீர்ப்புக் கூறினோம். அந்த வேகத்தில் இராகத்தின் சோகத்தையோ, குழலின் குழைவையோ செவிமடுக்க மறந்த இரவுகளும் பல. வேகத்துக்கு விழுந்த கைதட்டு நிதானத்துக்கு விழவில்லை. இளைய கலைஞன் எதை நோக்கி ஓடுவான் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

ஆனால் இதனினும் பெரிய தவறொன்றை அந்தப் பூங்காவன இரவிலேயே கண்டோம். வளையத்துக்கு அப்பால், வீதியின் எல்லையில், பனையோலை வேலியோரமாகச் சிலர் நின்றனர். விளக்கொளி அவர்கள் மீது விழவில்லை. அவர்களில் ஒருவர் எமக்குத் தெரிந்தவர். எமது வளவுப் பனைகளிற் கள்ளுச் சீவுபவர். தனியின்போது அவரது கை தொடையிலே தாளமிட்டதைப் பார்த்தோம். வளையத்தின் முன்வரிசையிலே பட்டுச் சால்வையோடிருந்த பெரியவர்கள் சிலர் எண்ணிக்கை தவறி ஒருவரையொருவர் பார்த்தபோதும், வேலியோரத்துக் கை தவறவில்லை. சிறந்த ரசிகன் அன்று நின்ற இடம் அதுவே. கோயிலின் மதில் மனிதனைத் தடுத்தது. நாதஸ்வரத்தைத் தடுக்க அதனால் முடியவில்லை. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டு ஆண்டுகள் பல கழிந்திருந்தன. 1968இலே மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில், உள்ளே சென்று வழிபடும் உரிமை கேட்டு வந்த மக்கள் மறிக்கப்பட்டனர். அவர்கள் கேட்ட உரிமையின் ஒரு கூறு, விளக்கு வெளிச்சத்திலே அமர்ந்து மேளம் கேட்கும் உரிமை என்றே நாம் கருதுகின்றோம்.

விடிந்த பின்னர் உபயகாரர் வீட்டிற் சாப்பாடு. இரவு தோடியைக் கேட்டுக் கண்ணீர் விட்டவர், தமது தோளிலிருந்த சால்வையை எடுத்துக் கலைஞருக்குப் போர்த்தவர், காலையிலே தமது உறவினரை உள்ளே அழைத்து இலைபோட்டார். மேளகாரருக்கு முற்றத்துப் பந்தலிலே வேறாக இலை. தேநீரும் வேறாக வைக்கப்பட்ட மூக்குப்பேணிகளிலே வந்தது. யாரும் யாரையும் ஏசவில்லை. உபசாரத்திலும் குறையில்லை, "இன்னும் கொஞ்சம் போடுங்கோ" என்று பரிவோடுதான் பரிமாறினார்கள். அந்தப் பரிவுக்குள்ளே பிரிவு பத்திரமாக இருந்தது. கைத்தாளம் போட்ட சிறுவன், எம்மிலும் இளையவன், இரவெல்லாம் கண்விழித்த களைப்பில் இலையின் முன்னே தூங்கி விழுந்தான். அவன் அருகே போயிருக்க நாம் எழுந்தபோது, ஒரு கை எம்மைப் பிடித்து உள்ளே இழுத்தது. நாமும் போனோம். அன்று நாம் சிறுவர் என்பது உண்மை. அதன்பின் எத்தனையோ ஆண்டுகள் வளர்ந்தவர்களாகவும் அதே வீடுகளில், உள்ளேயே இருந்து சாப்பிட்டோம் என்பதும் உண்மை.

தமிழகத்தில் திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளை இந்நிலைக்கு எதிராகத் தமது வழியிலே போராடியவர். நின்றுகொண்டு வாசித்த நாதஸ்வரக்காரன் பாடகனைப் போல மேடையில் அமர்ந்து வாசிக்கும் உரிமையை வலியுறுத்தினார். குடுமியை நீக்கினார், மேலங்கி அணிந்தார். 1947இல் இந்திய சுதந்திர வேளையிலே டில்லியில் ஒலித்தது அவரது நாதஸ்வரம். அவரைத் தலைக்கனம் பிடித்தவர் என்றோர் பலர். குனிந்து நிற்கப் பழக்கப்பட்டவன் நிமிர்ந்தால் அது தலைக்கனமாகவே தெரியும். அவர் கேட்டதை மேதை ஒருவருக்குரிய சலுகையாகச் சமுதாயம் கொடுத்தது. எல்லாக் கலைஞருக்குமுரிய உரிமையாகக் கொடுக்கவில்லை. யாழ்ப்பாணத்திலும் நிகழ்ந்தது இதுவே. மேதைகளுக்குப் பொன்னாடையும் பட்டமும் கிடைத்தன. இரண்டாந் தவில் வாசித்தவருக்கும் ஒத்து ஊதியவருக்கும் தாளம் போட்டவனுக்கும் பெயர்கூட மிஞ்சவில்லை. இன்னுஞ் சொன்னால், மேளத்தைப் பற்றிப் பேசும்போது பறையை நாம் மறந்தேவிடுகிறோம். தவிலுக்கு மதிலின் உள்ளே இடமிருந்தது. பறைக்குச் சாவீடும் சுடலையுமே விதிக்கப்பட்டன. அதன் தாள நுட்பத்தை எந்த இசை விமர்சகர் வியந்து எழுதினார்?

பின்னர் காலம் மாறியது. போர் வந்தது. வலிகாமம் வடக்கின் கோயில்கள் பல 1990 முதல் உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டு மக்கள் நுழைய முடியாதனவாயின. 1995 ஒக்டோபரில் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது தவிலையும் குழலையும் தூக்கிக்கொண்டு நடந்த குடும்பங்கள் உண்டு. அவற்றை விற்றுத் தின்ற குடும்பங்களும் உண்டு. இன்று யாழ்ப்பாணத்து மேளம் இலண்டனிலும் தொறன்ரோவிலும் சுவிற்சலாந்திலும் ஒலிக்கின்றது. ஊர்க் கோயில்கள் சிலவற்றிலோ, விசையைத் தட்டியதும் தானே அடித்துக்கொள்ளும் இயந்திர மேளம் பூசை வேளைகளில் முழங்குகின்றது. அதற்குச் சம்பளமில்லை, சாப்பாடில்லை, தனியாக இலை போடவேண்டிய சங்கடமுமில்லை.

சினிமாப் பாட்டு வந்து நாதஸ்வரத்தைக் கெடுத்துவிட்டது என்று புலம்புவோர் எம்மிடையே பலர். இக்கூற்றை நாம் முற்றாக ஏற்பதற்கில்லை. சனம் கேட்ட பாட்டை வாசித்துத்தான் பல கலைஞர் அடுப்பு மூட்டினர். கலைஞனின் பிள்ளைகள் பலர் அத்தொழிலை விட்டு வேறு தொழிலுக்குப் போனார்களெனில், அதற்குச் சினிமாவைக் காட்டிலும் முற்றத்துப் பந்தலின் அந்த வேறான இலையே பெரிய காரணமாயிருக்கலாம். தன் தந்தையின் கலைக்கு வணங்கிய ஊர் தன் தந்தைக்கு வணங்காததைக் கண்டு வளர்ந்த பிள்ளை, குழலை ஏன் கையில் எடுக்க வேண்டும்? அவ்வாறிருந்தும் எடுத்தவர்கள் உளர். இன்றும் அதிகாலையில் இணுவிற் பக்கம் போவோருக்குச் சாதகம் செய்யும் தவிலொலி கேட்கலாம். அவர்களுக்கு எமது பாராட்டுரைகள் தேவையில்லை. சரியான ஊதியமும் சமமான இருக்கையும் தேவை.

எமது விமர்சகர்கள் செய்யவேண்டிய பணியும் தெளிவானதே. வீடுகளின் பரண்களிலே பழைய ஒலிநாடாக்கள் இன்னும் கிடக்கின்றன. அவை மக்கிப்போகுமுன் திரட்டப்பட வேண்டும். எந்தக் கோயிலில், எந்த ஆண்டில், யார் வாசித்தார் என்பதை முதியவர்களிடம் கேட்டு எழுதவேண்டும். எழுதும்போது இரண்டாந் தவிலின் பெயரையும் தாளம் போட்டவனின் பெயரையும் கேட்டெழுதவேண்டும். வேலியோரம் நின்று கேட்டவர்களிடமும் சென்று அவர்கள் கேட்டது என்ன என்று விசாரிக்க வேண்டும். அவர்களுடைய நினைவு சேராத இசை வரலாறு முன்வரிசைச் சால்வைகளின் வரலாறாக மட்டுமே இருக்கும்.

அன்றிரவு தாளம் போட்ட சிறுவனின் பெயரை நாம் கேட்கவில்லை. பத்மநாதனின் தோடியைப் பற்றி இவ்வளவு எழுத முடிந்த எம்மால், அத்தோடிக்கு விடியும்வரை தாளம் பிடித்தவனின் பெயரை எழுத முடியவில்லை. இக்கட்டுரையின் குறை அது. எமது ரசனையின் குறையும் அதுவே.