கைவினைஞர்கள் ரம் கேட்கும்போது

அன்னோ 1800-ஐ நகரம் கட்டும் ஆட்டம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். சாலை போடலாம், பேக்கரி வைக்கலாம், தேவாலயம் எழுப்பலாம், எல்லாம் உண்மைதான். எனக்கு அதெல்லாம் வெறும் முன்னுரை. நம் ஊர்க் கைவினைஞர்கள் ரம் வேண்டும் என்று கேட்கத் தொடங்குகிறார்களே, அங்கேதான் ஆட்டம் சூடு பிடிக்கிறது!

ரம்முக்குக் கரும்பு வேண்டும். நாம் ஆட்டத்தைத் தொடங்கும் பழைய உலகத் தீவுகளில் கரும்பு முளைக்காது. அவர்கள் கேட்கும் ரோமக் கோட்டுக்குப் பருத்தித் துணி வேண்டும். பருத்தியும் இங்கே கிடையாது. ஆகவே கடல் கடந்து புது உலகம் போய், ஒரு தீவில் குடியேறி, தோட்டம் போட்டு, ரம் காய்ச்சி, அதைக் கப்பலில் ஏற்றித் திருப்பி அனுப்ப வேண்டும். அந்த முதல் சரக்கு துறைமுகத்தில் இறங்கும்போது கிடைக்கும் சந்தோஷத்தை எந்தப் போர் ஆட்டமும் எனக்குத் தந்ததில்லை.

கப்பல்களுக்கு ரூட் போடும் திரை இருக்கிறதே, அதற்கே தனியாக ஒரு விருது கொடுக்கலாம். எந்தத் துறைமுகத்தில் எதை ஏற்றுவது, எங்கே இறக்குவது, எத்தனை டன் என்று எல்லாம் நம் கையில். ஒரு சரக்கு அறைக்கு 50 டன். ஸ்கூனரில் இரண்டு அறை, கிளிப்பரில் நான்கு, பின்னால் வரும் நீராவிச் சரக்குக் கப்பலில் ஆறு. பாய்மரக் கப்பலுக்கு எதிர்க்காற்று எமன்; நீராவிக்கு அந்தக் கவலையே இல்லை.

இதில் உச்சம் எது தெரியுமா? கப்பல் எந்தப் பக்கமும் காலியாகப் போகத் தேவையில்லை. புது உலகத்துத் தொழிலாளர்களான ஓப்ரேரோக்களுக்கு நம் ஊர் பீரும் தையல் இயந்திரமும் வேண்டும். நம் ஊர்ப் பொறியாளர்களுக்கு அவர்கள் வறுத்த காப்பி வேண்டும். போகும்போது பீர், வரும்போது காப்பி! இரண்டு கரையும் ஒன்றையொன்று எதிர்பார்த்து நிற்கும்படி நாமே முடிச்சுப் போடுகிறோம். முதலீட்டாளர்கள் வந்துவிட்டால் சுருட்டு, சாக்லேட், நகைக்கு முத்து என்று பட்டியல் நீளும். எனக்கு அவர்களைக் கண்டாலே எரிச்சல், ஆனால் ரூட் போட அவர்களைவிட நல்ல சாக்கு கிடையாது.

சிக்கல்கூட ருசியானதுதான். இறக்கும் இடத்தில் கிடங்கு நிரம்பியிருந்தால் சரக்கு கப்பலிலேயே தங்கிவிடும். திரும்பி வரும்போது புதிதாக ஏற்ற இடம் இருக்காது. அடுத்த சரக்கு வராமல் நகரமே முணுமுணுக்கும். எங்கோ ஓர் அறையில் தேங்கிய பீர் இங்கே ரம் பஞ்சமாக முளைப்பதைத் துப்பறிந்து கண்டுபிடிப்பதில் ஒரு தனி போதை. நடுவில் ஆன் ஹார்லோவின் கொள்ளைக் கப்பல்கள் வேறு. புது உலகப் பக்கம் ழான் லா ஃபோர்ச்சூன் என்ற இன்னொரு கொள்ளையன். துணைக்கு ஒரு ஃபிரிகேட் போர்க்கப்பல் இல்லாமல் விலையுயர்ந்த சரக்கை நான் அனுப்புவதே இல்லை.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கரும்புத் தோட்டங்களை இவ்வளவு அழகாக வரைந்தவர்கள், அவற்றில் வதைபட்ட அடிமைகளைப் பற்றி வாயே திறக்கவில்லை. தோட்டத்தில் எல்லோரும் கூலியாட்கள்தான், வெயிலும் இதமாகத்தான் அடிக்கிறது.

புதிதாக விளையாடப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வாடகைக் கப்பல் வசதி ஒன்று இருக்கிறது: ஒரு ரூட்டுக்கு ஒரே சரக்கு, நமக்கு வேலையே இல்லை. அவசரத்துக்கு உதவும். ஆனால் முதல் ரம்மை அதில் வரவழைக்காதீர்கள். சொந்தமாக ஒரு கிளிப்பர் கட்டுங்கள். நாலு அறையையும் நீங்களே பிரித்துப் போடுங்கள்: போகையில் மூன்றில் பீர், ஒன்றில் தையல் இயந்திரம், வருகையில் இரண்டில் ரம், இரண்டில் பருத்தித் துணி. காப்பி கேட்கத் தொடங்கினால் இரண்டாவது கிளிப்பர்!