மலிவான கைக்கடிகாரம் தேறுமா?

கையில் செல்போன் இருக்கும்போது கடிகாரம் எதற்கு என்று கேட்பவர்கள் ஒருமுறை சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்துக்கு வந்து பார்க்க வேண்டும். வெடிமருந்து கையாளும் ஆலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. காலையில் வேனைப் பிடிப்பதிலிருந்து மாலையில் வீடு திரும்பும் வரை நேரம் தெரிய வேண்டுமானால், சுவரைப் பார்க்க வேண்டும். இல்லையேல் கையைப் பார்க்க வேண்டும். அந்தக் கைக்கு எந்தக் கடிகாரம் ஏற்றது? விலை குறைவாக இருக்க வேண்டும். தூசி, வியர்வை, வெயில் மூன்றையும் தாங்க வேண்டும். இரண்டு கடிகாரங்களை எடுத்துக்கொண்டு எடைபோட்டுப் பார்ப்போம்.

முதலாவது எச்.எம்.டி. ஜனதா. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு 1961-இல் பெங்களூரில் எச்.எம்.டி.யின் கடிகார உற்பத்தி தொடங்கியது. மாப்பிள்ளைக்கு மோதிரத்தோடு ஒரு எச்.எம்.டி.யும் போடுவது அக்காலத்தில் பல வீடுகளில் வழக்கம். ஜனதா, நாள்தோறும் சாவி கொடுக்க வேண்டிய கடிகாரம். அதன் உள்ளே இருக்கும் சமநிலைச் சக்கரம் மணிக்கு 18,000 முறை, அதாவது வினாடிக்கு 5 முறை துடிக்கிறது. ஒரு நாளைக்கு 4,32,000 துடிப்புகள்! நாளொன்றுக்கு 30 வினாடி பிசகினாலும் பிழை 0.035 சதவீதந்தான். நம் கல்லூரி ஆய்வுக்கூடக் கருவிகளில் எத்தனை இந்த மதிப்பெண்ணை வாங்கும்?

ஆனால் அந்தச் சக்கரத்தைத் தாங்கும் அச்சின் முனை ஏறக்குறைய ஒரு தலைமுடியின் பருமனே உள்ளது. தூசி நுழைந்தாலும் எண்ணெய் உலர்ந்தாலும் துடிப்பு தளரும். அலுமினியத் தூள் படிந்து கையே வெள்ளிபோல மின்னும் இடத்தில் அதை மாதக்கணக்கில் கட்டியிருப்பது அந்த எந்திரத்துக்குச் செய்யும் கொடுமை. எச்.எம்.டி. கடிகார நிறுவனத்தை மூட 2016-இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. பழைய எந்திரத்துக்குப் புதிதாக வண்ணம் பூசிய முகப்பைப் பொருத்தி ‘ஜனதா’ என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். பாசத்துக்காக வாங்கலாம்; உழைப்புக்காக வாங்கவேண்டாம் என்பதே என் தீர்ப்பு.

இரண்டாவது, 1989-இல் வெளிவந்த காசியோ எஃப்-91டபிள்யூ. இதில் சக்கரமும் இல்லை, முள்ளும் இல்லை. இசைக்கவை வடிவில் வெட்டிய ஒரு சிறு குவார்ட்ஸ் படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஏன் இந்த விசித்திரமான எண்? 2-ஐ 15 முறை பெருக்கிப் பாருங்கள். மின்சுற்று அதைப் பாதி, பாதியாக 15 தடவை குறைத்தால் வினாடிக்குச் சரியாக ஒரு துடிப்பு கிடைக்கும். நிறுவனம் உறுதி கூறும் பிழை மாதத்துக்கு 30 வினாடிக்குள். அதாவது ஜனதா ஒரு நாளில் தவறக்கூடியதை இது ஒரு மாதத்தில் தவறுகிறது.

நம் ஊர் வெயில் இதையும் சும்மா விடுவதில்லை. இவ்வகைப் படிகம் 25 பாகை செல்சியஸை ஒட்டித்தான் சரியாக அதிரும். அதற்கு மேலே போனாலும் கீழே போனாலும் வேகம் குறையும். வித்தியாசத்தின் வர்க்கத்துக்கேற்பக் குறையும். 40 பாகையில் நாள் முழுவதும் கிடந்தால் சுமார் 0.66 வினாடி பின்தங்கும். மாதத்துக்கு 20 வினாடி. வேனைத் தவறவிட இது போதாது!

உறுதி எங்கிருந்து வருகிறது? பலரும் நினைப்பதுபோல் தடித்த எஃகிலிருந்து அல்ல, எடைக்குறைவிலிருந்து. இது 21 கிராம். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் தரையில் மோதும் ஆற்றல் 0.2 ஜூல்தான்; உடைய உள்ளே நுண்ணிய அச்சும் இல்லை. 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்க வேண்டுமென்று 1983-இல் அதே நிறுவனம் ‘ஜி-ஷாக்’ கொண்டுவந்தது. நல்ல பொறியியல்தான். ஆனால் ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும் மணிக்கட்டுக்கு அவ்வளவு செலவு தேவையில்லை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். விளக்கு மிக மங்கல். எண்ணின் ஒரு பக்கம் தெரிந்தால் மறுபக்கம் இருட்டு. வியர்வையில் ஊறிய பிசின் பட்டை நாளடைவில் வெடித்துவிடும். பேட்டரியோ ஏழு ஆண்டு வரை வரும்! ‘வாட்டர் ரெசிஸ்ட்’ என்ற எழுத்தை நம்பிக் கிணற்றில் குதிக்காதீர்கள். கை கழுவும்போது தெறிக்கும் நீருக்குத்தான் அந்த உறுதிமொழி. இதற்கு ஆண்டுக் கணக்கு தெரியாது என்பதால் பிப்ரவரி எப்போதும் 28 நாள்தான். லீப் ஆண்டில் நாமே திருத்த வேண்டும்.

மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நிறுத்துக் கடிகாரத்தில் நூறில் ஒரு வினாடி வரை இலக்கம் ஓடும். அது பகட்டு. கண் பார்த்து விரல் அழுத்துவதற்குள்ளேயே 0.2 வினாடி போய்விடுகிறது. ஒரு மீட்டர் ஊசலின் ஒரே அலைவை அளந்தால் 2 வினாடியில் பத்தில் ஒரு பங்கு பிழை வரலாம். இருபது அலைவுகளை அளந்து வகுத்தால் பிழையும் இருபதில் ஒரு பங்காகும். மாலையில் தொலைவில் யாராவது வாணவெடி விட்டால், ஒளி தெரிந்ததும் அழுத்தி, ஓசை கேட்டதும் நிறுத்துங்கள். 30 பாகைக் காற்றில் ஒலி வினாடிக்கு 349 மீட்டர் செல்லும். 3 வினாடி என்றால் வெடி ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். அங்கே 0.2 வினாடி பிழை 70 மீட்டர்தான். (‘நீட்’ எழுதப்போகிறவர்கள் கடிகாரத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். எந்தக் கைக்கடிகாரத்துக்கும் அங்கே அனுமதியில்லை.)

விளம்பரங்களில் ‘எங்கும் கொண்டுசெல்லலாம்’ என்று வரும் ஒரு சொல்லை நம் மாவட்டத்தில் அப்படியே ஏற்க முடியாது. மருந்து கலக்கும் அறைக்குள்ளும் மருந்து செலுத்தும் அறைக்குள்ளும் மலிவானதோ விலையுயர்ந்ததோ எந்தக் கடிகாரமும் வேண்டாம். பேட்டரியில் உள்ள ஆற்றல் சிறிதுதான். ஆனால் உராய்வையும் நிலைமின்னையும் அஞ்சிப் பருத்தி உடையே அணியச் சொல்லும் இடத்தில், மருந்துத் தூளைப் பிடித்துவைத்துக்கொள்ளும் பட்டையும் கொக்கியும் கையில் இருப்பானேன்? கலந்த மருந்தை அன்றைக்கே தீர்க்க வேண்டும், மிச்சம் வைக்கக் கூடாது என்பதால் அங்கேயும் நேரம் தெரிந்தாக வேண்டியதுதான். அதற்கு வழி, அறைக்கு வெளியே, உள்ளிருந்து பார்த்தால் தெரியும்படி ஆலை நிர்வாகம் மாட்டும் பெரிய சுவர்க்கடிகாரம். தொழிலாளியின் சொந்தக் கடிகாரம் அந்தச் செலவைக் குறைத்துவிடுகிறது என்று எந்த நிர்வாகமும் எண்ணக் கூடாது.

கடைவீதியில் எஃப்-91டபிள்யூவின் போலிகள் ஏராளம். வாங்கும்போது வலப்பக்கப் பொத்தானை மூன்று வினாடி அழுத்திப் பிடியுங்கள். அசலானால் நேரம் மறைந்து நிறுவனத்தின் பெயர் திரையில் தோன்றும். தோன்றாவிட்டால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம்.