காய் எண்ணும் வித்தை

நளன் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் சுயம்வரம் அல்ல. காட்டில் தமயந்தியைப் பிரிகிற இடமும் அல்ல. தேரில் போகிறபோதே இருதுபன்ன ராஜா ஒரு தான்றி மரத்தைப் பார்த்து, அதில் இத்தனை காய் என்று சொல்லிவிடுகிறானே, அந்த இடம்தான். நளன் நம்பவில்லை, தேரை நிறுத்தி எண்ணிப் பார்க்கிறான். கணக்குச் சரியாக இருக்கிறது. அந்த வித்தையைக் கற்ற பிறகுதான் சூதில் இழந்த நாட்டைச் சூதிலேயே மீட்கிறான்.

அமெரிக்கக் கல்லூரிப் பந்தாட்டங்களின்மேல் பணம் கட்டுகிறவர்களுக்காக எழுதப்படும் ஆரூடக் கட்டுரைகளைச் சில நாட்களாகப் படித்து வருகிறேன். படிக்கும்போதெல்லாம் இருதுபன்னன் நினைவுதான். இவற்றையும் ஓர் இலக்கிய வகையாக எடுத்துக்கொண்டு விமர்சித்தால் என்ன என்று தோன்றிற்று. சிரிக்க வேண்டாம். நடக்காததை நடந்ததுபோல் சொல்லி நம்பவைப்பதுதானே என் தொழிலும்!

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அங்கே ஃபுட்பால் என்பது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். பெரிய சர்வகலாசாலையும் சின்னக் கல்லூரியும் மோதினால், ஜெயிப்பது யார் என்று பந்தயம் கட்டுவதில் சுவாரஸ்யம் இல்லை. ஆகவே, நல்ல குதிரையின் முதுகில் எடை ஏற்றுவதுபோல், பலசாலிக்கு ஒரு பாரம் வைக்கிறார்கள். ஏழு புள்ளி என்று வைத்தால், அதற்கு மேற்பட்ட வித்தியாசத்தில் அவன் வென்றால்தான் அவன் பக்கம் கட்டியவனுக்குப் பணம். 1940-களில் சிகாகோவில் இருந்த சார்லஸ் மெக்நீல் என்ற கணித ஆசிரியரை இந்த ஏற்பாட்டின் பிதா என்பார்கள்.

இந்தக் கட்டுரைகளில் நல்லவை உண்டு. ஃபுட்பாலில் 3, 7 என்ற வித்தியாசங்கள் ஏன் அடிக்கடி வருகின்றன என்று அவை விளக்குகின்றன. ஃபீல்டு கோலுக்கு 3. டச்-டவுனுக்கும் அதன் பின் வரும் உதைக்கும் சேர்த்து 7. ஆகவே இரண்டரைக்கும் மூன்றரைக்கும் இடையே உள்ள ஒரு புள்ளி, எட்டரைக்கும் ஒன்பதரைக்கும் இடையே உள்ள புள்ளியைவிட விலை மதிப்புள்ளது. கூடைப்பந்தில் மொத்தப் புள்ளியை நம்பாதே, வேகமாக ஆடுகிற அணி எப்படியும் நிறையப் போடும். பந்து நூறு தடவை கைக்கு வந்தால் எத்தனை புள்ளி என்று பார் என்கிறார்கள். கென் பொமராய் என்பவரின் தரவரிசை இப்படி அமைந்ததுதான். முதல் பிரிவில் மட்டும் 350-க்கு மேற்பட்ட கல்லூரிகள் கூடைப்பந்து ஆடுகின்றன. பந்தயக்காரனின் கண் பெரிய ஆட்டங்களில் இருக்கும்போது, யாரும் கவனிக்காத சிறு கல்லூரியை உழைத்துப் படித்தவனுக்கு ஏதோ மிஞ்சலாம். இந்த உழைப்பை நான் மதிக்கிறேன்.

மற்றவை வெறும் சத்தம். நூறு டாலர் ஜெயிக்க நூற்றுப்பத்து டாலர் கட்டவேண்டும் என்பது அங்கே வழக்கம். 21 ஆட்டங்களில் 11 சரி, 10 தப்பு என்றால் வந்ததும் போனதும் சமம். அதாவது, நூற்றுக்கு 52.38 சரியாகச் சொன்னால்தான் முதலுக்கு மோசமில்லை. 55-ஐ வருஷக்கணக்கில் எட்டுகிறவன் அபூர்வமான ஆள். எழுபது என்று சத்தியம் செய்கிறவன் ஆரூடம் விற்றுப் பிழைக்கிறான். அப்படித் தெரிந்திருந்தால் ஏன் விற்கிறான்?

ஆனால் நல்ல கட்டுரைகளின்மேலும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. ஒவ்வொரு பையனும் முடிந்தமட்டும் ஆடுகிறான் என்ற நம்பிக்கையின்மேல்தான் இந்தக் கணக்கெல்லாம் நிற்கிறது. அந்த நம்பிக்கையை உடைத்ததே இந்தப் புள்ளி ஏற்பாடு அல்லவா? முன்பு ஆட்டத்தை விற்கிறவன் தோற்கவேண்டும். தோல்வி என்ற அவமானத்தை விழுங்கவேண்டும். இப்போது தோற்க வேண்டியதில்லை. ஏழில் ஜெயிக்க வேண்டியதை நாலில் ஜெயித்தால் போதும். கல்லூரிக்கு வெற்றி, பையனுக்குப் பணம், யாருக்கும் நஷ்டம் இல்லை என்று மனச்சாட்சியைத் தூங்கவைத்துவிடலாம்.

நியூயார்க் சிட்டி காலேஜ் சம்பளம் வாங்காமல் ஏழைப் பிள்ளைகளைப் படிக்க வைத்த கல்லூரி. அதன் கூடைப்பந்து அணி 1950-இல் தேசத்தின் இரண்டு பெரிய போட்டிகளிலும் வாகை சூடியது. 1951-இல் அந்த வீரர்கள் கைதானார்கள். சூதாடிகள் என் பையன்களை நெருங்க முடியாது என்று கென்டக்கியின் பயிற்சியாளர் அடால்ஃப் ரப் பெருமையடித்தார். அதே வருஷம் அவருடைய பழைய மாணவர்களும் பிடிபட்டார்கள். 1952-53 பருவம் முழுவதும் கென்டக்கி ஆடவே இல்லை. சிட்டி காலேஜ் கதையை ஸ்டான்லி கோஹன் 1977-இல் ‘தி கேம் தே ப்ளேய்டு’ என்று புத்தகமாக எழுதினார். பந்தயம் கட்டாதவர்களும் படிக்கலாம்.

2018-இல் உச்ச நீதிமன்றம் மத்தியச் சட்டத்தின் தடையை நீக்கியபின், பந்தயம் மாநிலம் மாநிலமாகப் பரவியது. இப்போது ஒரு தனிப் பையன் எத்தனை புள்ளி எடுப்பான் என்றும் கட்டுகிறார்கள். கல்லூரி மாணவர்களின்மேல் இத்தகைய பந்தயம் வேண்டாம் என்று கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் தலைவர் சார்லி பேக்கர் 2024-இல் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டார். சில கேட்டன, பல கேட்கவில்லை. பணம் இழந்தவனின் வசவு மாணவனுக்கே போய்ச் சேருகிறது.

இருதுபன்னன் எண்ணியது காய்களை. தம்மை ஒருவன் எண்ணுகிறான் என்பது காய்களுக்குத் தெரியாது, பையன்களுக்குத் தெரியும். நான் படித்த ஆரூடங்களில் ஒன்றுகூட இந்த வித்தியாசத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை.