இரக்கமும் திறனாய்வும்: புதிய இசைத்தொகுப்புகளை வன்னியிலிருந்து நோக்குதல்

ஈழத்துத் தமிழில் கவிதை, சிறுகதை, நாவல், நாடகம் ஆகியவற்றுக்கு வலுவான திறனாய்வு மரபொன்று உண்டு. க. கைலாசபதி, கா. சிவத்தம்பி, எம். ஏ. நுஃமான் முதலியோர் வகுத்துத் தந்த அளவுகோல்களைப் பல்கலைக்கழக மாணவர் இன்றும் கையாளுகின்றனர். ஆயின், மெல்லிசை, பொப், றாப் முதலான வகைகளில் வெளிவரும் தனி இசைத்தொகுப்புகள் இவ்வளவுகோல்களின் எல்லைக்குள் பெரும்பாலும் வருவதில்லை. கருநாடக இசைக்கு இலக்கணம் உண்டு; திரைப்பாடலுக்குப் பெருந்தொகையான இரசிகர் உண்டு; இவ்விரண்டுக்கும் இடையே நிற்கும் தனிப்பாடல் தொகுப்புக்குக் கிடைப்பது வாழ்த்துரை அல்லது மௌனம். வன்னிப் பெருநிலப்பரப்பைப் பொறுத்தவரை இக்குறை மேலும் ஆழமானது. இம்மண்ணைப் பற்றிய பாடல் என்றவுடன், அதன் பின்னால் உள்ள துயரத்துக்குத் தலைவணங்கும் கேட்போர், பாடலை மதிப்பிடும் கடமையை ஒத்திவைத்துவிடுகின்றனர். துயரத்துக்குக் காட்டும் மரியாதை பாடலைப் பற்றிய மதிப்பீடாகிவிடாது என்பதே இங்கு வற்புறுத்தப்படுவது.

மதிப்பிடாமல் விடும் இப்பழக்கம் போர்க்காலத்துடன் தோன்றியதன்று. 1960களின் பிற்பகுதியில் நித்தி கனகரத்தினம் கிற்றாருடன் பாடிய பாடல்களும், 1970களில் ஏ. ஈ. மனோகரன் புகழ்பெறச் செய்த பாடல்களும் ஈழத்துப் பொப் இசைக்கு வித்திட்டன. இலங்கை வானொலி அவற்றை ஊரெங்கும் பரப்பிற்று. கற்றோர் பலர் இவற்றைக் கேளிக்கை என ஒதுக்கினர். அவர்கள் ஒதுக்கியதில் கவனிக்கத்தக்க இரண்டு பண்புகள் இருந்தன. ஒன்று, யாழ்ப்பாணத்துப் பேச்சுத்தமிழ் அதன் கேலியோடும் இழுவையோடும் முதன்முறையாகப் பரந்த அளவில் பாடலின் மொழியாயிற்று. மற்றையது, போர்த்துக்கேயர் வழிவந்த பைலாவின் துள்ளல் நடை தமிழ்ச் சொற்களின் அசையோடு இணங்கியது. ‘சின்ன மாமியே’ ஏன் அரை நூற்றாண்டுக்கு மேலாக நினைவில் நிற்கின்றது என்பதற்கு விடை அதன் பொருளாழத்தில் இல்லை. பேச்சும் தாளமும் ஒன்றையொன்று இடறாமல் செல்லும் இயல்பில் உள்ளது. இந்த இணக்கத்தை அன்றே ஆராய்ந்திருந்தால், பிற்காலப் பாடல்களை அளப்பதற்கு ஒரு கோல் கையில் இருந்திருக்கும்.

அளவுகோல் இல்லாத நிலையிலேயே ஒலிநாடாக் காலம் வந்தது. 1990களில் வன்னியின் பெரும்பகுதி மின்சாரமின்றியும், எரிபொருளும் மின்கலமும் தடைசெய்யப்பட்டும் கிடந்தது. மக்கள் துவிச்சக்கரவண்டியைக் கவிழ்த்து நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, டைனமோவின் மின்னோட்டத்தில் வானொலியும் ஒலிநாடாவும் கேட்டனர். ஒரு பாடலைக் கேட்க ஒருவர் உடலால் உழைக்கவேண்டியிருந்த இக்காலத்திலேதான் விடுதலைப் புலிகளின் கலை பண்பாட்டுக் கழகத்தின் பாடல்கள் தொகுப்புத் தொகுப்பாக வெளிவந்தன. புதுவை இரத்தினதுரை எழுதியவையும் எஸ். ஜி. சாந்தன் பாடியவையும் வன்னி வீடுகளில் மட்டுமன்றிப் புலம்பெயர்ந்த நாடுகளிலும் ஒலித்தன. 

இப்பாடல்களைப் பற்றி அன்றிருந்தவை இரண்டே நிலைப்பாடுகள்: அரசியல் காரணமாகப் போற்றுவது, அரசியல் காரணமாக வெறுப்பது. இசையாக அவற்றைக் கேட்டவர் மிகச் சிலர். அவ்வாறு கேட்பின், சில உண்மைகள் புலனாகும். சாந்தனின் குரல் கோயில் மேடைகளில் பக்திப்பாடல் பாடிப் பழகிய குரல். உச்சத்தானத்தில் நின்று உருகும் அப்பழக்கமே எழுச்சிப்பாடலுக்கும் வலிமை தந்தது. அதே வேளையில், பல பாடல்களின் வாத்திய அமைப்புத் தமிழகத் திரையிசையின் அச்சிலும் அணிநடை இசையின் அச்சிலும் வார்க்கப்பட்டிருந்தது. வன்னியைப் பாடிய பாடல்களில் வன்னியின் சொந்தத் தாளநடைகள் குறைவாகவே கேட்டன. இன்னொன்றையும் திறனாய்வு தவிர்க்க முடியாது. இளையோரையும், சிறுவரையுங்கூடப் போர்க்களத்துக்கு அழைத்ததில் பாடலுக்குப் பங்கு இருந்தது. கலையின் ஆற்றலை மெச்சுபவர் அவ்வாற்றல் எதற்குப் பயன்பட்டது என்ற வினாவையும் ஏற்கவேண்டும். 2009 மே மாதத்தில் போர் முடிந்தபின், அப்பாடல்களுக்குப் பலியானோரின் நினைவு சுமையாக ஏறிற்று. மதிப்பீடு மேலும் கடினமாயிற்று. கடினம் என்பது தவிர்ப்பதற்கு நியாயமாகாது.

தாயகத்தில் நிலவிய இந்த இருநிலை, புலம்பெயர்ந்தோரின் இசைக்கு உலகம் காட்டிய எதிர்வினையிலும் அப்படியே தோன்றியது. மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2005இல் ‘அருளர்’ என்ற தொகுப்பையும் 2007இல் ‘கலா’ என்ற தொகுப்பையும் வெளியிட்டார். முன்னையது தந்தையின் இயக்கப்பெயர். பின்னையது தாயின் பெயர். ‘கலா’வில் இடம்பெற்ற பாடலொன்று கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட, 2009 பெப்ரவரி 8ஆந் திகதி நிறைமாதக் கர்ப்பிணியாக அவர் அவ்விழா மேடையில் பாடினார். அந்நாட்களில் வன்னி மக்கள் புதுக்குடியிருப்பிலிருந்து கரையோரம் நோக்கி எறிகணைகளுக்கிடையே நகர்ந்துகொண்டிருந்தனர். அவர்களைப் பற்றி அமெரிக்க ஊடகங்களில் அவர் பேசியபோது, மேலைநாட்டு விமரிசகர் பலர் அவருடைய அரசியலையும் வாழ்க்கைமுறையையும் விவாதித்தனர். தமிழர் பலர் ‘எங்கள் பிள்ளை’ என்று பெருமிதங்கொண்டனர். 

இவ்விரு கூட்டத்தாரின் செவிக்கும் எட்டாத செய்தி ‘கலா’ தொகுப்பின் ஒலியிலேயே இருந்தது. சென்னையிற் பதிவுசெய்யப்பட்ட உறுமி மேளத்தை அவர் அலங்காரமாகப் பின்னணியில் வைக்கவில்லை. பாடலின் முதுகெலும்பாக நிறுத்தினார். கோயிற்றெருவிலும் சாவீட்டிலும் ஒலிக்கும் ஒடுக்கப்பட்டோரின் கருவி உலகச் சந்தையின் நடனமேடைக்குத் தன் கரகரப்பை இழக்காமலே சென்றது. இது பாராட்டத்தக்க கலைச்சாதனை. ஆயினும் மொழியை நோக்குமிடத்து, பாடல்கள் பெரிதும் ஆங்கிலத்தில் அமைந்தவை. அகதி, எல்லை, துப்பாக்கி என்பன உலகெங்கும் செல்லுபடியாகும் பொதுக்குறிகளாக நிற்கின்றன. ஓர் ஊரின் பெயரோ ஒரு வீட்டின் பேச்சோ அவற்றிற் குறைவு. ஒலியில் வென்ற தொகுப்பு இடத்தின் நுணுக்கத்தில் மெலிந்தது எனலாம். இத்தகைய இரட்டைத் தீர்ப்பை வழங்குவதே திறனாய்வின் தொழில்.

கனடாவிலிருந்து 2021இல் வெளிவந்த ஷான் வின்சென்ற் டி போலின் ‘மேட் இன் ஜஃப்னா’ தொகுப்பையும் இவ்வழியில் நோக்கலாம். யாழ்ப்பாணத்திற் பிறந்து சிறுவயதிற் புலம்பெயர்ந்தவர் அவர். யான்சன் என்ற மிருதங்கக் கலைஞருடன் அவர் செய்த முயற்சிகளில், மிருதங்கச் சொற்கட்டின் கணக்குக்கு ஆங்கில றாப் சொற்கள் அடுக்கப்பட்டன. வேகம், கணக்குச் சுத்தம் என்பவற்றில் அவை வியக்க வைப்பன. ஆனால் பிறந்த மண்ணின் பெயரைத் தலைப்பில் தாங்குவது ஒரு பொறுப்பை ஏற்பதாகும். அப்பெயர் புலம்பெயர்ந்தவரின் அடையாளப் பிரகடனமாக மட்டும் நிற்கின்றதா, அன்றி அம்மண்ணில் இப்பொழுது வாழ்வோரின் குரலுக்கும் இடமளிக்கின்றதா என்பது கேட்கப்படவேண்டிய வினா. முன்னைய நிலையே அதில் மேலோங்கியுள்ளது.

மேற்கூறிய முயற்சிகளிலிருந்து வேறுபட்ட ஒரு வழியைக் காட்டியது தமிழகத்திலிருந்து 2021 மார்ச் 7ஆந் திகதி வெளியான ‘எஞ்சாய் எஞ்சாமி’. தீயும் அறிவும் பாட, சந்தோஷ் நாராயணன் இசையமைத்த இப்பாடல் தனிப்பாடலாயினும், ஒரு தொகுப்பின் அளவுக்குப் பொருட்செறிவு கொண்டது. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகத்துக்குத் திருப்பியனுப்பப்பட்டவர். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மக்களைப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரின் தலைவிதி பிறகு தீர்மானிக்கப்படும் என விடப்பட்டது. இக்கணக்கினால் சிதறியவர்களில் ஒரு பகுதியினர் கடல் கடந்தனர். வேறொரு பகுதியினர் 1958, 1977 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பின் மலையகத்தை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து குடியேறினர். காடு வெட்டியும் பிறர் வயலிற் கூலிவேலை செய்தும் வாழ்ந்த அவர்கள், பின்னர் நடந்த போரின் இடப்பெயர்வு அனைத்தையும் சுமந்தனர். எனவே அப்பாடல் கிளிநொச்சிக்கு வெளியூர்ப் பாடல் அன்று. மரம் நட்டுத் தோட்டம் செழிக்கச் செய்தும் தன் தொண்டை வறண்டே கிடக்கும் உழைப்பாளியின் கூற்று, நீர்ப்பாசன வயல்களின் ஓரத்தில் நிலவுரிமையின்றிக் குடியிருந்தோரின் கூற்றுமாகும்.

அப்பாடலின் கலைவெற்றி இக்கருத்தினால் மட்டும் கிடைத்ததன்று. ஒப்பாரியின் விரிந்த மூச்சும் ஆட்டத்தின் துள்ளலும் ஒரே பாடலுக்குள் மாறிமாறி வருகின்றன. மகிழ்ச்சி உச்சமடையும் இடத்தில் அழுகை குறுக்கிடுகின்றது. உயிரினங்களையும் முன்னோரையும் பெயர் சொல்லி அடுக்கும் முறை நாட்டார் பாடலின் முறையே. குறையும் உண்டு. காணொளியின் பகட்டான வண்ணங்கள் நிலமற்றோரின் வாட்டத்தைக் காட்சியின்பமாக மாற்றிவிடும் இடங்கள் உள; துள்ளலை மட்டும் எடுத்துக்கொண்டு ஆடும் கேட்போருக்கு ஒப்பாரி தடையாக நிற்கவில்லை. 

இப்பாடலைச் சூழ்ந்து எழுந்த பிணக்கும் பாடத்தின் ஒரு பகுதியே. 2021 ஓகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ற் டி போலும் இடம்பெற, அறிவு இடம்பெறாதது கண்டிக்கப்பட்டது. 2022இல் சென்னைச் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்கவிழாவில் அவரின்றியே பாடல் மேடையேறியபோது, ஆக்கியோன் யார் என்ற வாதம் மீண்டும் கிளம்பிற்று. பாடலால் எவருக்கும் வருவாய் வந்து சேரவில்லை என 2024இல் சந்தோஷ் நாராயணன் கூறினார். உழைத்தவருக்கு நிலமில்லை என்று பாடிய பாடலே, உழைத்தவருக்குப் பெயரும் ஊதியமும் எங்கே என்ற வினாவாக முடிந்தது. உற்பத்தி உறவுகளைப் பற்றி எழுதப் பழகிய திறனாய்வாளர் இசைத்தொகுப்பின் உற்பத்தி உறவுகளையும் ஆராய வேண்டியதன் தேவையை இதைவிடத் தெளிவாக உணர்த்தும் சான்று வேண்டியதில்லை.

இத்தொகுப்புகளை ஒருங்கே நோக்குமிடத்து மூன்று வினாக்கள் திரண்டு வருகின்றன. பாடலின் மொழி எவருடைய வாயிலிருந்து வருகின்றது? அதன் தாளம் எந்த உழைப்பிலிருந்து அல்லது எந்தச் சடங்கிலிருந்து பிறந்தது? அதன் பயன் எவரைச் சென்றடைகின்றது? இவ்வினாக்களை எழுப்புவதற்கு வன்னி வறிய மண் அன்று. அருவி வெட்டும்போது பாடப்பட்ட கதிரையப்பர் பள்ளு, பண்டிப்பள்ளு, குருவிப்பள்ளு ஆகியனவும், சூடு மிதிப்பிலும் இராக்காவலிலும் எழுந்த பாடல்களும், முல்லைத்தீவுப் பகுதியின் கோவலன் கூத்தும் இங்கு விளைந்தவை. மெற்றாஸ்மயில் போன்றோர் இம்மண்ணின் நாட்டுப்பாடல்களைத் தேடித் தொகுத்தனர். வெட்டுவோர் வரிசையில் ஒருவர் எடுத்துக்கொடுக்க ஏனையோர் வாங்கிப் பாடும் முறை, இன்றைய றாப் பாடகனுக்கும் அவன் கூட்டத்துக்கும் அந்நியமானதன்று. ஆயின் வன்னியைப் பற்றிய தொகுப்புகளில் வன்னி பெரும்பாலும் காயமாகவும் களமாகவுமே வருகின்றது. விதைக்கின்ற, சிரிக்கின்ற, வைகின்ற ஊராக வருவது அரிது. நந்திக்கடல் பாடப்படுகின்றது, அதிற் றொழில் செய்வோரின் பேச்சுப் பாடப்படுவதில்லை.

பழைய தாளத்தை அப்படியே மீட்டுப் பாடவேண்டும் என்பதன்று இதன் பொருள். சூடு மிதித்த மாடுகளின் இடத்தை இயந்திரம் பிடித்துவிட்டது. அப்பாடலைப் பிறப்பித்த வேலை மறைந்தபின் பாடலை மட்டும் அலங்காரமாக ஒட்டுவது போலியாகும். இன்றைய வேலைக்கும் இன்றைய அலைவுக்கும் ஏற்ற நடையைக் காண்பதே கலைஞன் முன்னுள்ள பணி. வவுனியா வளாகம் 2021இல் தனிப்பல்கலைக்கழகமாயிற்று. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடங்கள் இயங்குகின்றன. வன்னியில் வாழ்ந்துகொண்டு இத்தொகுப்புகளைக் கேட்கும் மாணவர் தொகையொன்று இவ்வாறு உருவாகியுள்ளது. முல்லைத்தீவிலோ மாங்குளத்திலோ உள்ள ஒருவர், தன் ஊரின் அழிவைப் பாடும் தொகுப்பொன்றைக் கேட்டு, ‘நோக்கம் நல்லது, பாடல் நன்றாக இல்லை’ என்று காரணங்களோடு கூறும் உரிமை படைத்தவர். அவ்வுரிமையை அவர் பயன்படுத்தும்போதே, இரக்கத்துக்குரிய பொருளாக இருந்த வன்னி, தீர்ப்புக் கூறும் செவியாக மாறும். நல்ல பாடல் அத்தீர்ப்புக்கு அஞ்சாது.