நீள்கழுத்து அன்னையும் நாயக்கர் ஓவியமும்

ஜெலாப்பாங் வட்டாரத்து மாணவனுக்குச் சுவரோவியம் முற்றிலும் புதியதன்று. ஈப்போவின் வடபுறத்தே, சுண்ணாம்புக் குன்றின் குகையில் 1926இல் நிறுவப்பெற்ற பேராக் தோங் சீனக் கோயிலின் பாறைச் சுவர்களில் வண்ண உருவங்கள் பலவற்றை அவன் கண்டிருக்கக் கூடும். எனினும் எவ்வோவியத்தைக் கண்டாலும், உள்ளதை உள்ளபடி தீட்டியிருக்கிறதா என்னும் ஒரே வினாவை எழுப்பவே பழகியிருக்கிறான். அவ்வினாவோடு இத்தாலிய ஓவியர் பார்மிஜானினோவின் 'நீள்கழுத்து அன்னை'யை அணுகுவோர் திகைத்துப் போவர்.

1534இல் தொடங்கப்பெற்று, 1540இல் ஓவியர் மறைந்தபோது முற்றுப்பெறாதிருந்த அப்படம் புளோரன்ஸ் நகரத்து உஃபிசி காட்சிக்கூடத்தில் உள்ளது. மரியன்னையின் கழுத்து அன்னத்தின் கழுத்தென வளைந்து நீள்கிறது. மார்பின்மீது படிந்த விரல்களுக்குள் எலும்பு இருப்பதாகத் தோன்றவில்லை. மடியில் உறங்கும் குழந்தையோ வயதுக்கு மீறி நீண்டு, எக்கணமும் நழுவி விழுமோ என அஞ்ச வைக்கிறது. ஒருபுறம் வானவர் கூட்டம் நெருக்கியடிக்க, மறுபுறம் வெட்டவெளி. அங்கே உயர்ந்த தூணருகில் சுருளேந்திய முனிவர் ஒருவர் பொம்மையளவினராய் நிற்கிறார். கண் எங்கும் அமர இயலாது அலைகிறது. அவ்வலைச்சலே அப்படத்தின் இன்பம்.

வரையத் தெரியாமையால் வந்த பிழையா இது? ரபேல் 1520இல் மறைந்தார். உடலமைப்பையும் ஒத்திசைவையும் அவர் முழுமைக்குக் கொண்டு சென்றுவிட்ட பிறகு தூரிகை ஏந்திய தலைமுறை, அவரைக் கற்றே அவரினின்றும் விலகியது. பொந்தோர்மோ 1525க்கும் 1528க்கும் இடையில் தீட்டிய, இயேசுவின் உடலைச் சுமந்து செல்லும் காட்சியில் சிலுவை இல்லை. தரையும் இல்லையென்றே சொல்லலாம். வெளிர்சிவப்பும் இளநீலமுமாய் மாந்தர் மிதக்கின்றனர். காலூன்ற இடமற்ற துயரத்தை வேறெவ்வாறு காட்டுவது? பாணி எனப் பொருள்படும் 'மனியேரா' என்ற இத்தாலியச் சொல்லிலிருந்து இவ்வோவிய நெறி மேனரிசம் எனப் பெயர் பெற்றது. நெடுங்காலம் அதனைச் சீரழிவென்றே ஒதுக்கினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான் திறனாய்வாளர் சிலர் மறுபார்வை செலுத்தினர்.

தமிழ் பயின்றோர்க்கு இதில் வியப்பு இருத்தலாகாது. விரலைக் காந்தள் என்றும் இடையை மின்னல் என்றும் கூறும் புலவனை எவரும் உடற்கூறு கேட்பதில்லை. செய்யுளில் தலையசைத்து ஏற்கும் ஒன்றை ஓவியத்தில் மறுப்பது முரணாகும்.

அம்முரணின் விளைவைத் தஞ்சையிற் காணலாம். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ். கே. கோவிந்தசாமி, பெரிய கோயிலின் உட்சுற்றில் நாயக்கர் கால ஓவியப் பூச்சின் கீழே சோழர் ஓவியம் மறைந்திருப்பதைக் கண்டறிந்தார். வெள்ளை யானைமீது கயிலை செல்லும் சுந்தரரும், குதிரையூர்ந்து உடன்செல்லும் சேரமான் பெருமாளும் வெளிப்பட்டனர். மகிழ்ந்தது முறையே, அக்கோடுகளின் குழைவுக்கு ஈடில்லை. ஆனால் மேலடுக்கை வெறும் திரையென எண்ணியோர் பலர். பின்னாளில் இந்தியத் தொல்லியல் துறை அவ்வடுக்கின் பகுதிகளைச் சிதையாது பெயர்த்து, கண்ணாடியிழைப் பலகைகளிற் பதித்துக் காத்தது நற்செயல்.

தஞ்சையில் நாயக்கர் ஆட்சி 1532இல் தொடங்கியது. பார்மிஜானினோ தம் அன்னையைத் தொடங்கியதற்கு ஈராண்டு முன்பு. இரண்டுக்கும் தொடர்பு கற்பித்தல் வேண்டா. எனினும் முழுமை கண்ட மரபுக்குப் பின்வந்தோர் என்னும் நிலை இருவர்க்கும் பொது. நாயக்கர் பாணியில் முகங்கள் பெரும்பாலும் பக்கவாட்டில் திரும்பும், மூக்கு கூர்மையுறும், விழி பெருத்து நீளும், ஆடையின் பூவேலை உடலையே விழுங்கிவிடும். இவற்றில் உயிரற்ற படிகளும் உண்டு. மேனரிசத்திலும் வசாரியின் பெருஞ்சுவர்கள் சில, திறமையால் நிறைந்தும் குளிர்ந்தே கிடக்கின்றன. பின்வந்தது என்பதற்காகப் போற்றவும் வேண்டா, தள்ளவும் வேண்டா.

திருவாரூர்த் தேவாசிரிய மண்டபத்து விதானத்தில் முசுகுந்தன் கதை இப்பாணியிலேயே, பதினேழாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி, வரிவரியாகத் தீட்டப்பட்டுள்ளது. திருவிழாக் கூட்டம் தோளோடு தோள் முட்டி நகர்கிறது. ஓவியர் சிங்காதனம் தம் பெயரையும் அங்கே விட்டுச் சென்றிருக்கிறார். காட்சிதோறும் விளக்கம் தமிழில், பேச்சுவழக்கு கலந்து எழுதப்பட்டுள்ளது. உஃபிசியில் கிட்டாத வாய்ப்பு தமிழ் மாணவனுக்கு இங்கு உண்டு, அண்ணாந்து பார்த்துப் படித்துக்கொண்டே நடக்கலாம்.